நெவ்ஜன் ஹோம்ஸ் லிமிடெட்டின் முதல் வீடு

1

இந்தக் கதை குப்பைத் தொட்டியருகே கிடைத்தது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அங்கேதான் கிடைத்தது. இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு சந்து ஓடுகிறது. வாரத்தில் ஒரு மாலை எல்லாரும் நீலத் தொட்டியை இழுத்துக்கொண்டு போய் அங்கே நிறுத்த வேண்டும். நிறுத்தும்போது பக்கத்து வீட்டுக்காரர் எதிர்ப்பட்டால் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வேண்டும். அன்று அவர் மழையை விட்டுவிட்டு, "நான் ஒரு கம்பெனி ஆரம்பிச்சிருக்கேன்" என்றார்.

"அடேயப்பா! என்ன செய்யற கம்பெனி?"

"ஒண்ணும் செய்யாது. வீடு வச்சுக்கும், வாடகைக்கு விடும்."

"எத்தனை வீடு இருக்கு?"

அவர் தொட்டியின் மூடியை ஒரு தடவை திறந்து மூடினார். "இன்னும் ஒண்ணும் இல்ல."

எனக்கு அங்கேயே ஆர்வம் பற்றிக்கொண்டது. ஒன்றும் செய்யாத, ஒன்றும் இல்லாத ஒன்றை ஒரு மனிதர் இத்தனை பெருமையாகச் சொல்கிறார் என்றால் அதில் கதை இல்லாமல் போகாது. மேற்கொண்டு அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மை தெரிந்துபோயிருக்கும், அப்புறம் எழுத என்ன மிஞ்சும்? ஆகவே இனி வருவது முழுக்க என் கைச்சரக்கு. பக்கத்து வீட்டுக்காரர் 'அவர்'. கதைக்குள் வரப்போகிறவன் 'அவன்'. அந்த வித்தியாசத்தை மட்டும் நினைவில் வையுங்கள்.

2

ஆரம்பித்துப் பார்த்த வரிகள்:

"ஐம்பத்தெட்டாவது வயதில் பாரி ஸ்டாதர்ஸ் முதலாளி ஆனான். அன்று காலை அவன்—"

வேண்டாம். முதலாளி என்று எழுதியதும் தங்க மோதிரமும் மூக்குப்பொடி டப்பாவும் கேட்காமலே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. இந்த ஆளிடம் இருப்பது ஒரு துளையிடும் இயந்திரமும் முழங்கால் வலியும்தான்.

"வடகடல் காற்று வரிசை வீடுகளின் புகைபோக்கிகளில்—"

காற்றில் ஆரம்பிக்கும் கதைகளை நானே எத்தனையோ தடவை முதல் பக்கத்தில் மூடி வைத்திருக்கிறேன்.

அப்புறம் அந்தப் பெயர். இந்த ஊரில் தெருவுக்கு நாலு பாரி இருக்கிறார்கள், நியாயமான பெயர்தான். ஆனால் தமிழில் எழுத எழுத பறம்புமலைக்காரர் குறுக்கே வந்து நின்றார். அந்தப் பாரி முல்லைக்கொடிக்குத் தேரைச் சும்மா கொடுத்தவன். இந்தப் பாரியாக இருந்தால் முன்பணம் எவ்வளவு என்று கொடியிடம் கேட்டிருப்பான். சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பு வந்தால் அவன் மேல் எனக்கு அக்கறை போய்விடும். எனவே பெயரை மாற்றினேன். இனி அவன் நெவில். நெவில் ஸ்டாதர்ஸ். வீட்டில் நெவ்.

3

நெவில் ஒரு கேரவன் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். கடற்கரை முகாம்களில் வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்களே, விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்கும் சக்கர வீடுகள், அவற்றுக்குள் சமையலறை பொருத்துவது அவன் வேலை. பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து இதே வேலை. ஒரு சமையலறையிலாவது அவன் ஒரு கோப்பைத் தேநீர் போட்டுக் குடித்ததில்லை. பொருத்தி முடித்ததும் வண்டி கிளம்பிப் போய்விடும்.

அவன் மனைவி ஜேனிஸ் பிங்கோ அரங்கத்தில் எண் கூவுகிறவள். நம் ஊர் தம்போலாதான், இங்கே அது பெரிய வியாபாரம். மதிய நேரத்தில் ஓய்வூதியக்காரர்கள் சீட்டும் பேனாவுமாக வந்து உட்காருவார்கள். ஜேனிஸ் மேடையில் நின்று எண்களைப் பட்டப்பெயரோடு கூவுவாள். ஒரு ஆட்டத்தில் ஒருவர் ஜெயிப்பார், அரங்கம் முழுக்க மற்ற எல்லாரும் தோற்பார்கள். அதைத் தினமும் மேலே நின்று பார்க்கிறவள் அவள். (இதைப் பின்னால் ஒரு சிக்கலாக உணர்வேன். எழுதும்போது வேடிக்கையாகத்தான் இருந்தது.)

போன வருடம் அவர்கள் வீட்டுக்கடன் அடைந்தது. வீடு முழுசாக அவர்களுடையது ஆனது. மற்றவர்கள் அந்த நிம்மதியில் ஸ்பெயினுக்குப் போய் ஒரு வாரம் வெயில் காய்ந்துவிட்டு வருவார்கள். நெவில் அப்படிச் செய்யவில்லை. அந்த வீட்டின் மேல் மறுபடி கொஞ்சம் கடன் வாங்கி, அதை முன்பணமாகப் போட்டு, இன்னொரு வீடு வாங்கி வாடகைக்கு விட வேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்தது. அந்த வீட்டைச் சொந்தப் பெயரில் வாங்காமல் ஒரு கம்பெனியின் பெயரில் வாங்கினால் வரி குறையும் என்று வேலையிடத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஒரு நாள் மத்தியானம், உருளைக்கிழங்கை மசித்துப் பொரித்த பட்டியும் சிப்ஸும் சாப்பிட்ட தட்டுகளை ஒதுக்கிவிட்டு, இருவரும் கணினி முன்னால் உட்கார்ந்தார்கள்.

"பேர் கேக்குது. ஸ்டாதர்ஸ் எஸ்டேட்ஸ்னு போடட்டுமா?"

"எஸ்டேட்டா? அங்க மான் மேயுதா?"

"சரி, நீயே சொல்லு."

"ரெண்டு குண்டம்மா லிமிடெட்."

"ஜேன், இது விளையாட்டில்ல."

"எனக்குப் பொழப்பே விளையாட்டுதான், நெவ். எண்பத்தெட்டு வந்தா ரெண்டு குண்டம்மான்னுதான் கூவறேன். ஜனங்க மறக்கவே மாட்டாங்க. குடி வர்றவங்களும் வாடகையை மறக்க மாட்டாங்க."

கடைசியில் இங்கத்து வழக்கப்படி இரண்டு பேர் பெயரையும் பாதி பாதி வெட்டி ஒட்டினார்கள். நெவ்ஜன் ஹோம்ஸ் லிமிடெட்.

"வயித்து வலி மாத்திரை மாதிரி இருக்கு" என்றாள் ஜேனிஸ். ஆனால் சொல்லும்போது சிரித்துக்கொண்டே அவன் தோளில் கை வைத்திருந்தாள். மறுநாளே கம்பெனி பிறந்துவிட்டதாக மின்னஞ்சல் வந்தது.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: சட்டப்படி கம்பெனி என்பது ஒரு ஆள். பெயர் உண்டு, பிறந்த தேதி உண்டு, விலாசம் உண்டு (பின்பக்கப் படுக்கையறை, துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில்). வீடு வாங்கலாம், விற்கலாம், வழக்குக்கூடப் போடலாம். பசிக்காது, சளி பிடிக்காது. நான் இத்தனை வருடமாக உட்கார்ந்து ஆட்களை உண்டாக்கிக்கொண்டிருக்கிறேன், ஒருவருக்காவது அரசாங்கம் பிறப்புச் சான்றிதழ் கொடுத்ததில்லை. இவர்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு ஆளை உண்டாக்கினார்கள், கையோடு சான்றிதழும் வந்துவிட்டது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

இந்தக் கம்பெனிக்குக் கதையில் ஒரு வசனமாவது கொடுக்கப் பார்த்தேன். "நான் நெவ்ஜன் ஹோம்ஸ், எனக்கு—"

வரவில்லை. விட்டுவிட்டேன்.

4

இப்போது ஜேனிஸ் மீது எனக்குச் சந்தேகம் வந்தது.

தினமும் அரங்கம் நிறைய ஆட்கள் தோற்பதைப் பார்க்கிறவள், கடன் தீர்ந்த வீட்டை மறுபடி அடகு வைக்க ஏன் சம்மதிக்கிறாள்? முதல் வரைவில் "சரி நெவ், உன் இஷ்டம்" என்று எழுதியிருந்தேன். அந்த வரியைத் திரும்பப் படித்தபோது கூசியது. அவள் அப்படிச் சொல்லக்கூடியவளே இல்லை. கம்பெனிக்கு அவளும் இயக்குநர், வீட்டில் பாதி அவளுடையது, அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு செங்கல்லும் நகராது. அவளுக்கென்று ஒரு காரணம் வேண்டும்.

அதற்காகத்தான் மால்கமை உண்டாக்கினேன்.

மால்கம் அவளுடைய தம்பி. கல்யாணம் முறிந்து, வேலை போய், விதர்ன்ஸி பக்கம் கடலோர முகாம் ஒன்றில் பழைய கேரவனில் இருக்கிறான். விடுமுறைக்காரர்களுக்கு மட்டும் என்று அனுமதி வாங்கிய முகாம் அது, வருடம் முழுக்க யாரும் குடியிருக்கக் கூடாது. ஜனவரி பிறந்ததும் வாயிலைப் பூட்டி, தண்ணீரையும் நிறுத்திவிடுவார்கள், மார்ச் வந்தால்தான் திறப்பார்கள். அந்த இரண்டு மாதமும் மால்கம் அக்கா வீட்டு முன்னறை சோபாவில் படுப்பான். "நான் இருக்கறதே தெரியாது உங்களுக்கு" என்று சொல்லிக்கொண்டேதான் வருவான். சோபாவுக்கு வெளியே அவன் கால் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் இடறாமல் யாரும் வாசலுக்குப் போக முடியாது.

மால்கம் வந்ததும் கதை எழுந்து உட்கார்ந்தது. ஜேனிஸ் பேச ஆரம்பித்தாள்:

"நெவ், இந்தக் கம்பெனி வீடு வாங்கினா மால்கமை அதுல வச்சுடலாமா? சும்மா இல்ல, வாடகை குடுப்பான். அரசாங்கத்துல வீட்டு உதவித்தொகை வருதே அவனுக்கு. யாரோ தெரியாதவனுக்குக் குடுக்கறதை அவனுக்குக் குடுத்தா என்ன? ஐம்பத்திரண்டு வயசுல அக்கா வீட்டு சோபா. அவன் சிரிச்சுக்கிட்டேதான் இருக்கான், எனக்குத்தான் பாக்கப் பொறுக்கல."

"தாராளமா" என்றான் நெவில். அந்த நேரத்தில் மனதாரத்தான் சொன்னான். அவனுக்கும் மச்சானைப் பிடிக்கும்.

நியூலேண்ட் பக்கம் ஒரு சின்ன வரிசை வீட்டைப் பார்க்கப் போனார்கள். காட்ட வந்த பெண் வாடகை, வரும்படி என்று பேசிக்கொண்டிருந்தாள். ஜேனிஸ் நேராகப் பின்பக்கம் போய்விட்டாள்.

"நெவ், குளியலறை கீழயே இருக்கு. மால்கமுக்கு மாடி ஏற வேண்டாம்."

"கூரையைப் பாத்தியா? ஓடு நகர்ந்திருக்கு."

"கூரையை நீ பாரு. இங்க வா, இந்த மூலைல அவன் நாற்காலியைப் போட்டா வெளிச்சம் வருமா?"

நெவில் சமையலறையில் நின்றிருந்தான். அலமாரிக் கதவு ஒன்று கோணலாகத் தொங்கியது. அவன் கை தன்னால் திருகாணியைத் தேடிற்று. இங்கே ஒரு சமையலறை பொருத்தினால் அது எங்கேயும் ஓடிப்போகாது, நாளைக்கும் இங்கேயே இருக்கும் என்று நினைத்தான். அவனுக்கு அந்த வீட்டின் மேல் அப்படியொரு ஆசை வந்தது. சின்ன வயதில் சைக்கிளுக்காக அழுததற்குப் பிறகு எதற்கும் அவன் இப்படி ஆசைப்பட்டதில்லை.

5

அடுத்து நடந்ததை நான் திட்டமிடவில்லை. வாடகை வீட்டுக் கடன்களைப் பற்றி விவரம் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு விதி கண்ணில் பட்டது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

நெவிலுக்கு அது தொலைபேசியில் வந்தது. இடைவேளை நேரம். பாதி முடிந்த ஒரு கேரவனுக்குள் இருந்தான். உட்கார அங்கே இருந்த ஒரே இடம், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத கழிப்பறை மூடி. அதன் மேல் உட்கார்ந்து பேசினான். எதிர்முனையில் கடன் தரகர் டோனா. கலகலப்பான பெண், யாரையும் கண்ணு போட்டுத்தான் கூப்பிடுவாள்.

"எல்லாம் ஜோரா போயிட்டிருக்கு, நெவில் கண்ணு. ரெண்டே விஷயம். ஒண்ணு, கம்பெனி பேர்ல கடன்னாலும் பேங்குக்கு உங்க ரெண்டு பேரோட சொந்த ஜாமீன் வேணும். கம்பெனி கட்டலைன்னா நீங்க கட்டணும்."

"அப்புறம் எதுக்கு லிமிடெட்? கம்பெனி விழுந்தா அதோட போகும்னுதானே சொன்னாங்க."

"மத்தவங்களுக்கு அப்படித்தான். பேங்குக்கு அப்படி இல்ல."

(மழைக்குக் குடை வாங்கிக்கொண்டு, நனையவும் சம்மதம் என்று எழுதிக் கொடுப்பது. எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. நெவிலுக்குப் பிடிக்கவில்லை.)

"ரெண்டாவது, கேட்டே ஆகணும், கேக்கறேன். அங்க குடி வரப்போறது உங்க சொந்தக்காரங்க யாரும் இல்லையே?"

"ஏன்?"

"சொந்தம்னா இந்தப் பேங்க் குடுக்காது. நான் பாத்த வரைக்கும் எந்தப் பேங்கும் குடுக்காது. அப்பா, அம்மா, புள்ளைங்க, கூடப் பிறந்தவங்க, யாரும் ஆகாது. உங்க பக்கம், அவங்க பக்கம், எந்தப் பக்கமா இருந்தாலும் சரி. வாடகை ஒழுங்கா குடுத்தாலும் ஆகாது."

"வீடு கம்பெனியோடதுதானே? கம்பெனிக்கு ஏதும்மா மச்சான்?"

டோனா வாய்விட்டுச் சிரித்தாள். "நல்லாத்தான் கேக்கறீங்க. கம்பெனிக்கு இல்ல, டைரக்டருக்கு இருக்கே. அப்ப, யாரும் இல்லையே?"

இந்த இடத்தில் நெவிலுக்கு மூன்று வசனம் எழுதி வைத்தேன். "ஒரு நிமிஷம், வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்பது முதலாவது. "இருக்கான், என் மச்சான்" என்பது இரண்டாவது. அவன் மூன்றாவதை எடுத்துக்கொண்டான்.

"யாரும் இல்ல."

6

அவன் கெட்டவன் இல்லை. இதை நான் அடித்துச் சொல்வேன். முதலில் வீடு கைக்கு வரட்டும், வருகிற வாடகையிலிருந்து மால்கமுக்கு வேறு ஒரு அறை பிடித்துக் கொடுக்கலாம் என்று அவன் கணக்குப் போட்டான். மோசமான யோசனையும் இல்லை. ஜேனிஸிடம் சொல்லியிருந்தால் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அவளே சரி என்றிருக்கலாம். இல்லை, வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். அந்த இரண்டாவதுதான் அவன் வாயை அடைத்தது. மால்கம் போக முடியாத வீட்டுக்காக அவள் தன் வீட்டை அடகு வைக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

அவனைச் சொல்ல வைக்க நான் பாடுபட்டேன். பாத்திரம் துடைக்கும்போது, சந்தையிலிருந்து காரில் திரும்பும்போது, படுக்கப் போகும் முன் பல் தேய்த்துக்கொண்டு. ஒவ்வொரு தடவையும் "ஜேன்—" என்று ஆரம்பிப்பான்.

"ஜேன், அந்த வீட்டைப் பத்தி—"

"என்ன?"

"கூரைல ஓடு மாத்தணும்."

வெளியில் யாருக்கும் கேடு நினைக்காத ஒருவன் சொந்த வீட்டில் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் நிற்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. அவமானமாக இருந்தது அவனுக்கு. இருந்தும் நாட்களை ஓட்டினான். இந்தப் பகுதியில் இன்னும் இரண்டு பத்தி இருந்தது, அடித்துவிட்டேன். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் படிக்க உங்களுக்கும் அலுத்திருக்கும்.

7

ஜாமீன் கையெழுத்துக்கு இங்கே ஒரு முறை இருக்கிறது. வீடு வாங்கிக் கொடுக்கும் வக்கீல் ஒருவர் என்றால், ஜாமீன் போடுகிறவர்களுக்குப் புத்தி சொல்ல வேறு வக்கீல். கணவனையும் மனைவியையும் அவர் தனித்தனியாகத்தான் பார்ப்பார். பக்கத்தில் கணவன் இருந்தால் மனைவி சொல்லும் 'சரி' யாருடையது என்று எப்படித் தெரியும்? பத்திரத்தில் "இங்க போடு" என்று கணவனின் விரல் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போட்ட எத்தனையோ பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த ஏற்பாட்டைக் கேள்விப்பட்டதும் என் கதையில் இந்தக் காட்சி கட்டாயம் வர வேண்டும் என்று முடிவு செய்தேன். அது என்னையே எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று யோசிக்கவில்லை.

நவம்பர் மாதம். வக்கீல் திருமதி ஓல்ட்ராய்ட், மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டவர், முதலில் நெவிலைக் கூப்பிட்டார். நானும் கூடவே உள்ளே போனேன்.

"கம்பெனி கடனைக் கட்டலைன்னா, நீங்க இப்ப குடியிருக்கற வீடு வரைக்கும் பேங்க் வரலாம். இது புரியுதா உங்களுக்கு?"

"புரியுது."

"யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்ல."

"நிபந்தனைகளை முழுசா படிச்சீங்களா?"

"படிச்சேன்." அது உண்மை. அதுதான் அவன் பிரச்சினையே.

"நல்லது. இப்ப உங்க மனைவியை அனுப்புங்க. நீங்க வெளியில இருங்க."

"நானும் கூட இருந்தா அவளுக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்..."

"அதனாலதான் வெளியில இருக்கச் சொல்றேன், மிஸ்டர் ஸ்டாதர்ஸ்."

ஜேனிஸ் எழுந்து போனாள். போகும்போது அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள். கதவு மூடியது.

நான் பின்னாலேயே போகப் பார்த்தேன். எழுதுகிறவனுக்குக் கதவு ஏது, சுவர் ஏது? யார் தலைக்குள்ளும் புகுந்து வந்திருக்கிறேன். "அறைக்குள் ஜேனிஸ் நாற்காலியில்—" என்று ஆரம்பித்தேன். கை நகரவில்லை. அவன் வந்ததிலிருந்து இதுவரை நான் நெவிலின் தோள்மேல்தான் உட்கார்ந்து வந்திருக்கிறேன். அவன் பார்த்ததைப் பார்த்தேன், அவன் மறைத்ததை மறைத்தேன். கணவனோடு வந்தவர்கள் வெளியே என்றால் அதில் நானும் சேர்த்திதான். திருமதி ஓல்ட்ராய்டின் பார்வையிலேயே அது இருந்தது.

எனவே காத்திருப்பறையில் நெவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வரவேற்பு மேசையில் இருந்த அம்மாள் தேநீர் வேண்டுமா என்று கேட்டாள். அவன் வேண்டும் என்றான். வந்ததும் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான். உள்ளே நிபந்தனைகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படுகின்றன என்று அவனுக்குத் தெரியும். அவன் முடிக்க முடியாத அந்த வாக்கியத்தை அங்கே முன்பின் தெரியாத ஒரு பெண்மணி முடித்துக்கொண்டிருக்கிறார்.

8

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(முதல் முடிவு) ஜேனிஸ் வெளியே வருகிறாள், சிரிக்கிறாள். திருமதி ஓல்ட்ராய்ட் அந்த நிபந்தனையைச் சொல்லாமலே விட்டுவிட்டார். கையெழுத்து ஆகிவிட்டது. நெவில் தப்பித்தான்.

எழுதி முடித்ததும் எனக்கே நிம்மதியாக இல்லை. அப்படியென்றால் ஜனவரியில் மால்கம் பையைத் தூக்கிக்கொண்டு நியூலேண்ட் வீட்டுக்கு வருவானே, அப்போது வாசலில் நின்று அவனிடம் யார் பேசுவது?

(இரண்டாவது) ஜேனிஸ் கையெழுத்துப் போடவில்லை. கம்பெனியை மூடிவிடுகிறார்கள். நெவ்ஜன் ஹோம்ஸ் ஒரு செங்கல்லையும் தொடாமல் சாகிறது. நெவில் மறுபடி அடுத்தவர்களின் சமையலறையைப் பொருத்தப் போகிறான்.

இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவன்மேல் எனக்குப் பாவமாக இருக்கிறது.

(மூன்றாவது) வங்கியிலிருந்து ஒரு மேலாளர் வந்து, இவர்கள் கதையைக் கேட்டு மனமிரங்கி—

வங்கியா? மனமிரங்கியா? சரி, இதை விட்டுவிடுவோம்.

(நான்காவது) மால்கமுக்கும் ஒரு விதவைக்கும் காதல்—

அதற்குள் கதவு திறந்துவிட்டது.

9

ஜேனிஸ் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்தாள். பின்னால் வந்த திருமதி ஓல்ட்ராய்ட், "இன்னைக்கே முடிவு பண்ணணும்னு இல்லம்மா. வீட்டுக்குப் போய் யோசிங்க" என்று சொல்லிவிட்டு, நெவிலைப் பார்க்காமலே உள்ளே போனார்.

ஜேனிஸ் நெவிலுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. நடுவில் ஒரு நாற்காலியை விட்டு உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா தெரியும் உனக்கு?"

அவனுக்காக ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். 'இப்பத்தான், உள்ள இருந்தப்பதான் தெரிஞ்சுது' என்று சொல்லச் சொன்னேன். நம்பக்கூடிய பொய். அவன் அதை வாங்கிக்கொள்ளவில்லை. என் பேச்சைக் கேட்காமல், அந்த விஷயத்தில் முதல் தடவையாக ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொன்னான்.

"மூணு வாரமா தெரியும், ஜேன்."

"மூணு வாரமா."

"ஆமா."

"போன ஞாயித்துக்கிழமை மால்கமைக் கூட்டிட்டு அந்த வீட்டுக்குப் போனோமே. அவன் ஜன்னலுக்குத் திரைத்துணி அளவெடுத்தோம். டேப்போட ஒரு முனையை அவன் பிடிச்சிருந்தான், இன்னொரு முனையை நீ பிடிச்சிருந்த."

நெவில் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் எழுதவில்லை. அப்படி ஒன்று நடந்தது அவள் சொல்லித்தான் எனக்கே தெரிகிறது. கூரை ஓடு, பல் தேய்ப்பது என்று நெவில் வாய் திறக்காத காட்சிகளையே எழுதிக்கொண்டிருந்தேன். அவர்கள் மூவரும் வெறும் வீட்டில் நின்று திரை அளந்தபோது நான் எங்கே போயிருந்தேனோ தெரியவில்லை.

"பச்சை வேணும்னான்" என்றாள் ஜேனிஸ். "காலைல வெளிச்சம் பச்சையா விழுந்தா நல்லா இருக்கும்னான். நீ 'ஆமாடா, நல்லாதான் இருக்கும்'னு சொன்ன. அதைக்கூட விட்டுடறேன் நெவ். கையெழுத்துப் போடறேனா இல்லையாங்கறதையும் அப்புறம் பாக்கலாம். வீடு வேணும்னு உனக்கு எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியாதா? சமையலறைல நீ நின்ன நிலையைப் பாத்தேனே. கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு இப்ப எனக்கே தெரியல. அதை நீ எனக்குத் தெரிய விடலியே."

நெவில் அழுதான். சத்தம் இல்லை, மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டான். அவள் கைக்குட்டையை எடுத்து நடு நாற்காலியில் வைத்தாள், கையில் கொடுக்கவில்லை.

"வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

"டோனாவுக்கு விதி தெரியும். மால்கம்னு ஒருத்தன் இருக்கறது தெரியாது."

"வேற?"

அவன் மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். இத்தனை வருடத்தில் நான் உண்டாக்கிய ஆள் ஒருவன் என்னைத் திரும்பிப் பார்த்தது இதுதான் முதல் தடவை. அவன் பார்த்த திசையில் அவளும் பார்த்தாள்.

நான் உண்மையைச் சொன்னேன். தெரியும், டோனா பேசிய நாளிலிருந்தே தெரியும் என்றேன். ஏன் சொல்லவில்லை என்றாள். கதை நன்றாக வந்துகொண்டிருந்தது, அதனால்தான் என்றேன். அந்த அறையில் அதைச் சொல்லிக் கேட்டபோது நெவிலின் காரணம் எவ்வளவோ தேவலை என்று பட்டது. அவனுக்காவது ஒரு வீட்டின் மேல் ஆசை இருந்தது.

ஜேனிஸ் என்னைத் திட்டவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தாள். எங்கள் இருவரையும் தாண்டி, சுவரோரம் இருந்த மற்ற நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஆள் இல்லாத மாதிரி தெரிந்த ஒரு நாற்காலியில் அவள் பார்வை நின்றது.

"நீங்களும் அந்த ஃபோன் பேச்சைக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?" என்று கேட்டாள்.

உங்களைத்தான் கேட்கிறாள். பதில் வரும்வரை அவள் வீட்டுக்குப் போவதாக இல்லை.